பதவிப் பிரமாணமும் பிற மாநிலத் தமிழரும்

ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை, ஜூலைத் திங்கள் 25-ஆம் நாளன்று, நம் நாட்டின் தலைநகரில் ஒரு விழா நிகழ்கிறது. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற குடியரசுத் தலைவர் பதவிப் பிரமாணம் செய்துகொள்ளும் விழா அது. 1977-ஆம் ஆண்டில் நீலம் சஞ்சீவ ரெட்டி அவர்கள் அந்நாளில் பதவியேற்றார்கள். அது முதல் 2022-ஆம் ஆண்டில் திரௌபதி முர்மு அவர்கள் பதவியேற்றது வரையில் பதின்மர் தொடர்ச்சியாக அதே நாளில் பிரமாணம் செய்திருக்கின்றனர். அந்த நாளைச் சட்டம் எதுவும் குறித்து வைக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக, பதவியேற்ற அனைவரும் தத்தம் ஐந்தாண்டுக் காலத்தையும் குறைவின்றி நிறைவேற்றியதனால் அந்த நாள் தானாக நிலைபெற்றுவிட்டது. காலம் முடிந்ததும் ஒருவர் எழுந்து விலகுகிறார். மற்றொருவர் அவ்விடத்தில் அமர்கிறார். உலகில் எத்தனையோ நாடுகள் இன்னும் எட்டிப் பிடிக்க இயலாத ஒழுங்கு இது.

தில்லியின் கரோல் பாகிலும், மும்பையின் மாதுங்காவிலும் தாராவியிலும், கொல்கத்தாவிலும், பெங்களூரிலும், ஜாம்ஷெட்பூரிலும் வாழ்ந்து வரும் தமிழ் மக்களுக்கு இவ்விழாவினால் ஆவது என்ன? பிறந்த ஊரை விட்டு வந்து, பிறர் மொழி வழங்கும் ஊரில் பிழைக்கும் ஒருவருக்குத் தேச ஒருமைப்பாடு என்ற சொல் என்ன பொருள் தருகிறது? தில்லியில் பல்லாண்டுகளாக வாழ்ந்துவரும் எனக்கு 2022-ஆம் ஆண்டு விழாவின்போது இவ்வினாக்கள் எழுந்தன. அவற்றுக்கு நான் கண்ட விடைகளைக் கூற விழைகிறேன்.

முதலில் விழாவின் அமைப்பைப் பார்ப்போம். பதவி விலகுபவரும் பதவியேற்பவரும் ராஷ்டிரபதி பவனத்திலிருந்து ஒன்றாகவே புறப்படுகின்றனர். குதிரைப் படையினர் உடன் வருகின்றனர். 2022-ஆம் ஆண்டில் அவர்கள் சென்றடைந்த இடம் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபம். அங்கே இந்தியாவின் தலைமை நீதிபதி பிரமாணம் செய்துவைக்கிறார். பின்னர் இருவரும் தம் ஆசனங்களை மாற்றிக்கொள்கின்றனர். இருபத்தொரு குண்டுகள் முழங்குகின்றன. புதிய தலைவர் நாட்டு மக்களுக்கு உரை நிகழ்த்துகிறார். இறுதியில், விலகியவரை அவருடைய புதிய இல்லம் வரையில் புதியவரே உடன் சென்று விட்டு வருகிறார். அன்று விலகிய ராம்நாத் கோவிந்த் அவர்கள் உத்தரப் பிரதேசத்தவர். பதவியேற்றவர் ஒடிசா மாநிலத்தவர். பிரமாணம் செய்துவைத்த தலைமை நீதிபதி என். வி. ரமணா அவர்கள் ஆந்திரத்தவர். மூவரின் தாய்மொழியும் வேறு. அதனை அன்று எவரும் ஒரு புதுமையாகக் கருதவில்லை. கருதாதிருந்ததே நாம் அடைந்துள்ள முன்னேற்றம் என்று எனக்குத் தோன்றியது.

அந்த மண்டபத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அரசியல் நிர்ணய சபை 1946-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் முதன்முதலாகக் கூடியது அங்கேதான். 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் நள்ளிரவில் ஆட்சி நம் கைக்கு மாறியதும் அங்கேதான். 1949-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் அரசியல் சட்டம் ஏற்கப்பெற்றதும் அவ்விடத்திலேயே. நாடாளுமன்றம் 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்த பின்னர், பழைய கட்டடத்துக்கு அரசியல் சட்டத்தின் பெயரையே சூட்டி, சம்விதான் சதன் என்று அழைக்கின்றனர்.

முதல் குடியரசுத் தலைவரின் பிரமாணம் மட்டும் வேறிடத்தில் நிகழ்ந்தது. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் காலையில், இன்று ராஷ்டிரபதி பவனம் எனப்படும் மாளிகையின் தர்பார் மண்டபத்தில் அது நடைபெற்றது. இந்தியா குடியரசாயிற்று என்ற பிரகடனத்தை முதலில் அங்கே வாசித்தவர் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி அவர்கள். அன்றைய சேலம் மாவட்டத்தில், ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தவர் அவர். பிரகடனத்தை வாசித்த அக்கணமே அவருடைய பதவி இல்லாமற் போயிற்று. அடுத்த சில நிமிடங்களில், பீகாரின் ஜீராதேயி என்னும் சிற்றூரில் பிறந்த ராஜேந்திர பிரசாத் அவர்கள், தலைமை நீதிபதி ஹரிலால் கனியா அவர்கள் முன்னிலையில் பிரமாணம் செய்தார்கள். ஒரு தமிழர் எழுந்து ஒரு பீகாரிக்கு இடம் அளித்த காட்சியோடுதான் நம் குடியரசு பிறந்தது. தென்னாட்டவர் வடக்கிலும், வடநாட்டவர் தெற்கிலும் பிழைப்புக்காகச் சென்று குடியேறும் இக்காலத்தில் அக்காட்சியை அடிக்கடி நினைத்துப் பார்ப்பது நலம்.

இனி, பிரமாணத்தின் உள்ளீட்டுக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 60-ஆம் ஷரத்து அதன் வாசகத்தைத் தருகிறது. ஆண்டவன் பெயரால் ஆணையிட்டும் கூறலாம். மனமார உறுதி செய்தும் கூறலாம். அது பதவியேற்பவரின் விருப்பம். வாசகமோ மிகச் சிறியது. குடியரசுத் தலைவர் அதில் மூன்று கடமைகளை ஏற்கிறார். பதவியின் பணியை நேர்மையுடன் ஆற்றுவது முதலாவது. அரசியல் சட்டத்தையும் ஏனைய சட்டங்களையும் தம்மால் இயன்ற அளவு பேணிக் காத்து நிற்பது இரண்டாவது. இந்திய மக்களின் சேவைக்கும் நல்வாழ்வுக்கும் தம்மை ஒப்படைப்பது மூன்றாவது. அவ்வளவே.

இவ்வாசகத்தைப் பலமுறை படித்துப் பார்த்தேன். அதில் ஒருமைப்பாடு என்ற சொல்லே இல்லை. மொழியின் பெயர் இல்லை. சமயத்தின் பெயர் இல்லை. மாநிலத்தின் பெயரும் இல்லை. அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் எடுக்கும் பிரமாணத்தில் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாகக் கூறும் சொற்கள் 1963-ஆம் ஆண்டின் 16-ஆம் திருத்தத்தினால் சேர்க்கப்பெற்றன. குடியரசுத் தலைவரின் பிரமாணம் 1950-இல் இருந்தபடியே இருக்கிறது. ஆயினும் ஒருமைப்பாட்டின் முழு இலக்கணமும் அச்சிறு வாசகத்தில் அடங்கியுள்ளது என்று நான் கருதுகிறேன். ஒன்றாகக் காக்கவேண்டியது சட்டம். உழைக்கவேண்டியது எல்லா மக்களுக்கும். ஒரே உடை, ஒரே உணவு, ஒரே மொழி என்ற நிபந்தனை எதனையும் அது விதிக்கவில்லை. எவர் எங்கே பிறந்திருப்பினும், எங்கே வாழ்ந்தாலும், ஒரே சட்டத்தின் காப்பு அவருக்கு உண்டு என்ற வாக்குறுதியே நம்மைக் கட்டி வைத்திருக்கும் கயிறு.

குடியரசுத் தலைவரை நாம் நேராக வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. நம்மால் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கின்றனர். நியமன உறுப்பினர்களுக்கு இதில் வாக்கு இல்லை. தில்லி, புதுச்சேரி ஆகியவற்றின் சட்டமன்றங்களுக்கும் 1992-ஆம் ஆண்டின் 70-ஆம் திருத்தத்தினால் இவ்வுரிமை கிடைத்தது. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாக்குக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் கணக்கிட ஒரு முறை வகுத்துள்ளனர். மாநிலத்தின் மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை மீண்டும் 1,000-ஆல் வகுக்கவேண்டும். 1971-ஆம் ஆண்டின் மக்கள்தொகையே 2022 தேர்தலில் கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதன் காரணமாகவே வலிமை இழந்துவிடலாகாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

2022-ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்து உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 208. தமிழ்நாட்டு உறுப்பினரின் மதிப்பு 176. ஜார்க்கண்டு மாநிலத்துக்கும் அதே 176. சிக்கிமுக்கு 7. எல்லா மாநிலங்களின் சட்டமன்ற உறுப்பினர்களுடைய வாக்குகளையும் கூட்டினால் 5,43,231 ஆகிறது. நாடாளுமன்ற உறுப்பினர் 776 பேருக்குத் தலா 700 வீதம் கூட்டினால் 5,43,200 ஆகிறது. இரண்டும் ஏறத்தாழச் சமம். இது தற்செயலாக அமைந்ததன்று. தராசின் ஒரு தட்டில் நாடு முழுமைக்குமான நாடாளுமன்றத்தையும், மறு தட்டில் மாநிலங்கள் அனைத்தையும் வைத்து, முள் நடுவே நிற்கும்படி அரசியல் சட்டமே திட்டமிட்டுச் செய்த அமைப்பு இது. நாடு பெரிதா, மாநிலம் பெரிதா என்று வாதிடுவோர் இத்தராசை ஒரு முறை பார்த்தல் வேண்டும்.

இக்கணக்கில் பிற மாநிலத் தமிழராகிய நாம் எங்கே இருக்கிறோம்? பலர் எண்ணுவதுபோலத் தமிழ்நாட்டின் 176-இல் நாம் இல்லை. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் வாக்காளராகப் பதிவு பெறவேண்டும். ஆகவே தாராவியில் வாழும் திருநெல்வேலிக்காரர் மகாராஷ்டிர உறுப்பினரின் 175-இல் பங்குடையவர். கொல்கத்தாவில் வாழ்பவருக்கு மேற்கு வங்கத்தின் 151-இலும், பெங்களூரில் வாழ்பவருக்குக் கர்நாடகத்தின் 131-இலும், எனக்குத் தில்லியின் 58-இலும் பங்கு. நாம் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் பங்கு பெறுவது, நாம் சென்று சேர்ந்த மாநிலத்தின் மக்களோடு மக்களாக நின்றுதான். வந்த ஊரில் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதியாமல், ஊரில் இருக்கட்டும் என்று விட்டுவைத்திருப்பவர்கள் நம்மில் பலர். தேர்தல் நாளன்று ஊருக்குப் போக விடுமுறையும் கிடைப்பதில்லை. ரயிலில் இடமும் கிடைப்பதில்லை. முடிவில் இரண்டிடத்திலும் வாக்கில்லாதவராகி விடுகிறோம். வாழும் ஊரில் பெயரைப் பதிவு செய்துகொள்வது பிறந்த ஊருக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

இப்பதவியில் அமர்ந்தவர்களின் வாழ்க்கையே ஒருமைப்பாட்டுக்கு ஒரு பாடநூல் போன்றது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அவர்கள் 1888-ஆம் ஆண்டில் திருத்தணியில், தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் கற்பித்தார், மைசூரில் கற்பித்தார், பின்னர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார், காசி இந்து பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார். 1962-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் அவர் குடியரசுத் தலைவராகப் பிரமாணம் செய்தபோது, திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. அதற்கு முன்னர் அது ஆந்திரத்தில் இருந்தது. எல்லைத் தகராறுக்குப் பின்னர், 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்றுதான் மாறியது. பிறந்த ஊர் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு மாறலாம். அதனால் ஒருவரின் குடியுரிமையில் அணுவளவும் மாற்றம் நேர்வதில்லை. 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது, வீட்டை விட்டு ஓரடியும் எடுத்து வைக்காமலே வேறு மாநிலத்தவராகிவிட்ட தமிழர் பலர். தேவிகுளம், பீருமேடு மக்களைக் கேட்டால் தெரியும். மாநில எல்லை நிர்வாக வசதிக்காக வரைந்த கோடு. குடியுரிமை நாடு முழுமைக்கும் ஒன்றே.

தஞ்சை மாவட்டத்து ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் அவர்கள் 1987-இலும், இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் 2002-இலும் பதவியேற்றார்கள். கலாம் அவர்கள் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் தில்லியில் ராஜாஜி மார்க்கம் என்னும் வீதியில், பத்தாம் எண் இல்லத்தில் வாழ்ந்தார்கள். 2017-இல் ஓய்வு பெற்ற பிரணாப் முகர்ஜி அவர்களும் அதே இல்லத்தில் குடிபுகுந்தார்கள். சேலம் மாவட்டத்தவர் ஒருவரின் பெயர் தாங்கிய வீதி. அதில் இராமேசுவரத்துக்காரர் ஒருவர் வாழ்ந்து சென்ற வீடு. அவ்வீட்டில் பின்னர் வங்காளத்தின் வீர்பூம் மாவட்டத்தவர் ஒருவர். தில்லியில் இத்தகைய வீடுகள் எண்ணற்றவை. நம்முடைய வாடகை வீடுகளும் அவ்வாறானவையே. நமக்கு முன்னே அதில் யார் இருந்தார், நமக்குப் பின்னே யார் வருவார் என்று நாம் கேட்பதில்லை.

2022-ஆம் ஆண்டு விழாவுக்கு ஒரு தனிச் சிறப்பு இருந்தது. திரௌபதி முர்மு அவர்கள் ஒடிசாவின் மயூர்பஞ்சு மாவட்டத்தில் உபர்பேடா என்னும் சிற்றூரில், சந்தால் பழங்குடியில், 1958-இல் பிறந்தவர். அவ்வூரிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் அவரே. அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகவும், ராய்ரங்பூரில் ஆசிரியையாகவும் பணியாற்றினார். 1997-இல் அவ்வூர் நகர மன்றத்தின் உறுப்பினரானார். சட்டமன்ற உறுப்பினர், மாநில அமைச்சர், ஜார்க்கண்டு ஆளுநர் என்று படிப்படியாக உயர்ந்தார். பழங்குடியிலிருந்து இப்பதவிக்கு வந்த முதல்வர் அவர். விடுதலைக்குப் பின் பிறந்து இப்பதவிக்கு வந்தவர்களிலும் அவரே முதல்வர். பதவியேற்றதும் ஆற்றிய உரையை, ஜோஹார் என்னும் பழங்குடி மக்களின் வணக்கச் சொல்லோடு தொடங்கினார்.

அச்சொல் அம்மண்டபத்தில் ஒலித்தபோது நான் தமிழனாக மகிழ்ந்தேன். ஏன் என்று கேட்பீர்கள். 1950-ஆம் ஆண்டில் அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் 14 மொழிகள் இடம்பெற்றன. தமிழ் அவற்றுள் ஒன்று. சந்தாலி மொழிக்கு அங்கே இடம் கிடைத்தது 2003-ஆம் ஆண்டின் 92-ஆம் திருத்தத்தினால்தான். அம்மொழிக்கென ஓல் சிக்கி என்னும் தனி எழுத்தை 1925-ஆம் ஆண்டில் வகுத்த ரகுநாத் முர்மு அவர்களும் அதே மயூர்பஞ்சைச் சேர்ந்தவர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி சந்தாலி பேசுவோர் சுமார் 73 லட்சம். தமிழர் ஏறத்தாழ 6 கோடியே 90 லட்சம். பழமையான இலக்கியமும், மாநிலமும், அச்சுக்கூடங்களும் உடைய நமக்கே நம் பிள்ளைகள் பிற ஊரில் தமிழ் எழுத்தை மறந்துவிடுவார்களோ என்ற அச்சம் இருக்கிறது. சென்ற நூற்றாண்டில்தான் தமக்கென்று எழுத்தே பெற்ற மக்களின் சொல் நாட்டின் உயர்ந்த மேடையில் ஒலிக்குமாயின், எந்த மொழியும் இந்நாட்டில் அநாதை ஆகவேண்டியதில்லை என்ற துணிவு பிறக்கிறது.

எங்கள் குடியிருப்பில் அப்போது இரவுக் காவலராக இருந்தவர் மயூர்பஞ்சுப் பக்கத்தவர். விழா நடந்த மறுநாள் அவர் என்னிடம், "ஐயா, எங்கள் ஊர் அம்மா ராஷ்டிரபதி ஆகிவிட்டார்கள். இனி எங்களுக்கு என்ன மாறும்?" என்று கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை, அறியும் ஆவலோடு கேட்டார். உடனே விடை சொல்ல எனக்கு வரவில்லை. அவருடைய கேள்வி நியாயமானது. உபர்பேடாவைச் சேர்ந்த ஒரு குடியிருப்புக்கு, அவர் வேட்பாளராக அறிவிக்கப்பெற்ற சமயத்தில்தான் மின்சாரம் கொண்டுவர முனைந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதியிருந்தன. விடுதலை பெற்று எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகும் தறுவாயில் ஓர் ஊருக்கு விளக்கு வர, அவ்வூர்ப் பெண் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கவேண்டியிருந்தது. இதை மறைத்துவிட்டு நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது முறையன்று.

சட்டத்தின் நிலையையும் ஒளிக்காமல் கூறவேண்டும். குடியரசுத் தலைவர் தாமே ஆட்சி நடத்துபவர் அல்லர். 74-ஆம் ஷரத்தின்படி அமைச்சரவையின் யோசனையை ஏற்றே செயற்பட வேண்டியவர். 1978-ஆம் ஆண்டின் 44-ஆம் திருத்தத்துக்குப் பின்னர், அந்த யோசனையை மறுபரிசீலனை செய்யுமாறு ஒரு முறை திருப்பி அனுப்பலாம். மீண்டும் அதே யோசனை வந்தால் ஏற்கவே வேண்டும். ஆகவே நம் ஊர்க்காரர், நம் சாதியார், நம் மொழியார் அங்கே அமர்ந்துவிட்டதனாலேயே நமக்கு வரம் கிடைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. அவர் காப்பதாகப் பிரமாணம் செய்த சட்டத்தில் நமக்கென்று என்ன இருக்கிறது என்று கேட்பதே பயன் தரும். நான் அக்காவலருக்குச் சொன்ன விடையும் அதுதான். ஒடிசாவில் பெற்ற ரேஷன் அட்டையைக் காட்டி அவர் தில்லியிலேயே தானியம் வாங்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை என்னும் ஏற்பாடு 2022-ஆம் ஆண்டு ஜூனுக்குள் எல்லா மாநிலங்களுக்கும் விரிவாகிவிட்டிருந்தது. அடுத்த மாதம் முதல் அவர் வாங்கத் தொடங்கினார்.

அவ்வாறே, பிற மாநிலத்தில் வாழும் தமிழர் அறிந்துகொள்ளவேண்டிய ஷரத்துகள் சில உள்ளன. 19-ஆம் ஷரத்து நாடெங்கும் தடையின்றிச் செல்லவும், எப்பகுதியிலும் தங்கி வாழவும் உரிமை தருகிறது. பிறந்த இடத்தைக் காரணமாக்கி அரசு எவரிடமும் வேற்றுமை காட்டலாகாது என்கிறது 15-ஆம் ஷரத்து. அரசுப் பணியிலும் அவ்வாறே என்கிறது 16-ஆம் ஷரத்து. வசிக்கும் இடத்தைப் பற்றிச் சில பணிகளுக்கு விதி செய்யவேண்டுமாயின் அதனை நாடாளுமன்றமே செய்யலாம். தனியார் வேலைகளில் நூற்றுக்கு 75 பங்கை உள்ளூர் மக்களுக்கே ஒதுக்கி ஹரியானா மாநிலம் ஒரு சட்டம் செய்தது. 2023-ஆம் ஆண்டு நவம்பரில் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாதென்று தீர்த்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. தில்லியை ஒட்டிய குருகிராமத்தில் பணிபுரியும் தமிழ் இளைஞர் பலருக்கு இது நேரடியாகத் தொடர்புடைய வழக்கு.

மொழிக்கும் காப்பு உண்டு. தம் மொழியையும் எழுத்தையும் பண்பாட்டையும் பேணிக் காக்கும் உரிமை 29-ஆம் ஷரத்தில் இருக்கிறது. மொழிச் சிறுபான்மையோர் தம் விருப்பப்படி கல்விக்கூடங்கள் நிறுவி நடத்தும் உரிமை 30-ஆம் ஷரத்தில் இருக்கிறது. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்தி வருவது இவ்வுரிமை எத்துணைப் பயனுடையது என்பதற்கு நல்ல சான்று. 1956-ஆம் ஆண்டில் சேர்க்கப்பெற்ற 350-அ ஷரத்து, மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியிலேயே அளிக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயலவேண்டும் என்கிறது. இதனைக் கண்காணிக்கத் தனி அதிகாரி ஒருவரையும் அடுத்த ஷரத்து ஏற்படுத்தியிருக்கிறது. அவரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அவர் அறிக்கை அளிப்பதும் குடியரசுத் தலைவருக்கே. பிரமாண வாசகத்துக்கும் நம் வீட்டுக் குழந்தையின் அரிச்சுவடிக்கும் இடையே இப்படி ஒரு நேர்வழி இருக்கிறது.

இவ்வளவும் ஏட்டில் இருந்தும், ஏடு எப்போதும் நம்மைக் காத்துவிட்டதில்லை. 1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். காவிரி நீர் குறித்து நடுவர் மன்றம் அளித்த இடைக்கால ஆணையை ஒட்டி, 1991-ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு ஓட நேர்ந்தது. ஆற்று நீர் பற்றிய வழக்கு அரசுகளுக்கிடையே உள்ளது. அதற்காகத் தண்டனை பெற்றதோ கூலிக்குச் செங்கல் சுமந்த குடும்பங்கள்.

இதனை நினைவூட்டும்போது மற்றொன்றையும் மறவாமல் கூறவேண்டும். 2023-ஆம் ஆண்டு மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்ற பொய்ச் செய்தி கைப்பேசிகளின் வழியே பரவியது. வேறு இடங்களில் வேறு காரணங்களுக்காக நடந்த சண்டைகளின் படக்காட்சிகளைக் காட்டி அச்சத்தை மூட்டினர். திருப்பூரிலும் கோவையிலும் ஆலைகளில் வேலை செய்த பலர் ஊருக்கு ரயிலேறிவிட்டனர். தமிழ்நாட்டு அரசு அச்செய்தியை மறுத்தது. காவல் துறையினர் இந்தியிலும் விளக்கம் அளித்தனர். வதந்தி பரப்பியோர் மீது வழக்குத் தொடுத்தனர். பீகார் அரசு அனுப்பிய குழுவும் நேரில் வந்து விசாரித்தது. அச்சம் தணிந்தது. செய்தி பொய்தான், ஆனால் அதனைக் கேட்டு நடுங்கிய நெஞ்சங்கள் பொய்யல்ல. பிற ஊரில் பிழைப்பவனுக்கு ஒரு வதந்தி எத்துணைப் பெரிய இடி என்பதைப் பிற மாநிலத் தமிழரை விட நன்கு அறிந்தவர் யார்?

ஆகவே நமக்கு இரட்டைக் கடமை இருக்கிறது. நாம் வாழும் ஊரில் நம்மை அயலார் என்று ஒதுக்கலாகாது எனக் கேட்கிறோம். அது நம் உரிமை. விடுமுறைக்குத் தமிழ்நாடு செல்லும்போது, அங்கே கட்டட வேலையும் உணவக வேலையும் செய்யும் ஒடியரையும் பீகாரியையும் நம் உறவினர் எவ்வாறு அழைக்கின்றனர் என்பதையும் நாம் கவனித்தல் வேண்டும். தில்லியில் நம்மை மதராசி என்று ஒருவர் இகழ்ச்சியாகக் கூப்பிட்டால் நமக்கு எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல நம்மை விடத் தகுதியுடையோர் இல்லை. ஒருமைப்பாட்டின் தூதராக எவரும் நம்மை நியமிக்கவில்லை, வாழ்க்கை நியமித்துவிட்டது.

நாம் குடியேறிய ஊரின் மொழியைக் கற்றுக்கொள்வதும் அக்கடமையில் சேரும். கடைவீதி அளவுக்கு மட்டுமன்று; அண்டை வீட்டாரின் துயரத்தைக் கேட்டு ஆறுதல் சொல்லும் அளவுக்குக் கற்றல் வேண்டும். வீட்டினுள் தமிழ் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதை நாளைக்கென்று தள்ளிப் போடாதிருப்போம். அந்த ஊர் மொழியைக் கற்பதனால் நம் தமிழ் குறைந்துவிடுவதில்லை. ராஜேந்திர பிரசாத் அவர்களுக்கு இடம் அளித்து எழுந்ததனால் ராஜாஜி அவர்கள் தமிழர் அல்லாதவராகிவிடவில்லையே.

நம்பிக்கை என்பது ஒரு நாள் விழாவிலே பிறந்து மறுநாள் வாடிவிடும் மலரன்று. ஒரு வாக்குறுதி திரும்பத் திரும்பக் காப்பாற்றப்படுவதைக் காணும்போது மெல்ல மெல்ல ஊறுவது அது. 1950 முதல் இன்று வரையில் குடியரசுத் தலைவர்கள் மாறியிருக்கின்றனர், பிரமாணம் மாறவில்லை. அதனைக் காப்பதாகச் சொல்பவர் ஒருவர். காக்கவேண்டியவர்கள் நாம் எல்லோரும். அடுத்த ஜூலை 25 விழாவை நாம் எவ்வூரில் இருந்து கேட்டாலும், அவ்வூரின் வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருக்கவேண்டும். நம் குழந்தைக்குத் தமிழ் எழுதத் தெரிந்திருக்கவேண்டும். நம் சொந்த ஊருக்கு வேலை தேடி வந்தவர் அங்கே அச்சமின்றி உறங்கவேண்டும். இம்மூன்றும் நம் கைக்கு எட்டியவையே.